காதில் விழுந்தவை

விடிந்து அரை மணிதான் ஆகிறது. கடல் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் ஆற்றங்கரைக் காற்றிலேயே உப்பு பிசுபிசுக்கிறது. மடக்கு நாற்காலிகளில் ஓய்வுபெற்ற லாரி டிரைவரும் அவர் மனைவி டெய்லரம்மாவும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் மடியில் பறவை நோட்டு. பக்கத்தின் நடுவே ஒரு கோடு. கண்ணில் பட்டவை அவள் பக்கம், காதில் விழுந்தவை அவர் பக்கம். கல்யாணமான வருஷத்திலிருந்து இதுதான் ஏற்பாடு. கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, அவர் வெகுநேரமாகக் காத்திருக்கிறார். "நாணல் குருவி இந்த வருஷம் வரலை போலிருக்கு. இல்லைன்னு எழுதிக்கோ." அவள் பேனா அசையவில்லை. பத்தடி தள்ளி, நாணலுக்குள் அந்தக் குருவி காது கிழியக் கத்திக்கொண்டிருக்கிறது. அவள் பைனாகுலரை அவர் கண்ணில் வைத்து, மோவாயைப் பிடித்து மெல்லத் திருப்புகிறாள். "அங்க பாருங்க," என்கிறாள் அவர் காதோரமாக. தண்டில் தொற்றியபடி உள்ளங்கைக்குள் அடங்கும் குருவி, அலகு திறந்திருக்கிறது, தொண்டை துடிக்கிறது. அவர் பைனாகுலரை இறக்கவே இல்லை.

"கத்துதா?"

"ஆமாங்க."

"எப்படி?"

ஊசி பிடித்துக் காய்த்த விரலால் அவர் மணிக்கட்டில் தட்டுகிறாள்: வேகமாக மூன்று, கொஞ்சம் நிறுத்தி ஒன்று, மறுபடி மூன்று. அவர் உதடு மெல்ல விரிகிறது.

"அதேதான். கழுதை, மாறவே இல்லை. என் பக்கத்துல எழுதிக்கோ."

அவர் அந்த விரலை விட்டால்தானே எழுத!