வெள்ளிக்கிழமை மாத்திரை

“மாமா, நீங்க அந்தக் கோடி பெஞ்சுல போயி ஒக்காருங்க. ஒங்களுக்கு எப்ப இழுக்கும்னு யாரு கண்டா?”

கோகிலா சத்தமாகவே சொன்னாள். பல் டொக்டரின் அறைக்கு வெளியே காத்திருந்த நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஐயாவு எழுந்துபோய்த் தள்ளி உட்கார்ந்தார். மகள் ஜீவராணி தடுக்கவில்லை. லேஞ்சித் துணியால் வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

கோகிலா மாப்பிள்ளையின் அக்கா. தை பிறந்தால் கல்யாணம். பெண் பார்த்துவிட்டுப் போகும்போது அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்.

“பொண்ணு சிரிச்சா பல்லக் காணோம், ஈறுதான் தெரியுது. வெட்டிச் சரிபண்ணிருங்க. இல்லாட்டி எங்களுக்குக் குருவிட்டயில வேற எடம் இருக்கு.”

அதற்காகத்தான் மூன்று பேரும் பஸ் ஏறி இரத்தினபுரிக்கு வந்திருந்தார்கள்.

“அப்பனுக்கு வலிப்புன்னு தெரிஞ்சும் சம்மதிச்சோம்,” என்று பக்கத்தில் இருந்தவளிடம் கோகிலா ஆரம்பித்தாள். “நல்லவேளை, பரம்பரை இல்ல. தேயிலை பெக்டரி படியில விழுந்து தலையில அடிபட்டதாம். பன்னெண்டு வருசத்துக்கு முன்னாடி, எல்லாரும் பாக்க ரோலர் மெசின் பக்கத்துல விழுந்து கைகால் ஒதறியிருக்காரு. அன்னையோட மெசின் வேலை போச்சு. இப்ப மலையில தண்ணி ஓடுற கான் வெட்டுறாரு.”

தோட்டத்தில் இது யாருக்கும் புதிதல்ல. வெள்ளிக்கிழமைதோறும் டிஸ்பென்சரி ஜன்னலில், மருந்து கொடுப்பவர் கார்டைப் பார்த்துப் பேரையும் நோயையும் சேர்த்தே கூப்பிடுவார்.

“ஐயாவு! வலிப்பு மாத்திரை!”

வரிசையில் நிற்பவர்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு விலகுவார்கள். ஐயாவு ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறியதில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். டொக்டர் சிங்களத்தில்தான் பேசினார். மூன்று பேருக்கும் அது தண்ணீர்பட்ட பாடு.

ஜீவராணியின் வாயை வெகுநேரம் பார்த்தார்.

“வெட்டலாம். ஆனா திரும்ப வளரும். வலிப்பு மாத்திரைய வருசக்கணக்கா சாப்பிட்டா ஈறு இப்பிடி வீங்குறதுண்டு. நீ என்ன மாத்திரை சாப்பிடுற?”

ஜீவராணி அப்பாவைப் பார்த்தாள்.

“ஒண்ணும் இல்லீங்க சார்,” ஐயாவு முந்திக்கொண்டார்.

கோகிலா சிரித்தாள். “மாத்திரை சாப்பிடுறது இவரு, டொக்டர். பொண்ணு இல்ல. வேணும்னா எங்க தோட்டத்துல யாரையும் கேளுங்க.”

“அப்பிடியா? நீங்க வாயத் தெறங்க.”

ஐயாவு தயங்கித் திறந்தார். டோர்ச் வெளிச்சத்தில் வெற்றிலைக் காவி ஏறிய பற்கள். ஈறு பல்லோடு ஒட்டிக் கிடந்தது. எங்கேயும் ஒரு பொட்டு வீக்கமில்லை.

டொக்டர் டோர்ச்சை அணைத்தார். கோகிலாவிடம், “நீங்க வெளிய இருங்க. ஊசி போடணும்,” என்றார்.

“சிரிப்பு அம்சமா வரணும், டொக்டர்,” என்றபடி அவள் போனாள். கதவு மூடியது.

“பிள்ளைக்கு எத்தன வயசுல தொடங்கிச்சு?”

ஐயாவு மூடிய கதவைப் பார்த்தார். ஜீவராணிதான் சொன்னாள். “பத்து. பன்னெண்டு வருசமா அப்பா பேருலதான் மாத்திரை வாங்குறோம்.”

“வேற மாத்திரை இருக்கு. அதுக்கு மாத்தினா ஈறு இப்பிடி வளராது. தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஒரு கடிதம் தாறேன். பேரு என்ன?”

“அவ பேரு வேணாங்க, சார். ஜன்னல்ல கூப்பிடுவாங்க. என் பேருக்கே எழுதுங்க.”

“எதைச் சொல்லி எழுத? ஒங்க ஈறு நல்லாத்தான் இருக்கு. பன்னெண்டு வருசமா ஒங்களுக்கு இழுக்கவும் இல்ல. மாத்திரைய மாத்தணும்னா யாரு நம்புவாங்க?”

கதவுக்கு வெளியே கோகிலாவின் செருப்புச் சத்தம் கேட்டது. ஐயாவு குரலைத் தாழ்த்தினார்.

“அதுக்கென்னங்க, சார். வர்ற வெள்ளிக்கிழமை, வரிசையில வச்சு இன்னொருக்கா விழுந்துர்றேன்.”