உள்ளங்கைச் சீனி

“நீங்க முதல்ல சாப்பிட்டுப் பாருங்க மேடம்.”

“கூட்டிக்கொண்டு வந்தது நீங்கதானே மகள்? நீங்க சாப்பிட்டுச் சொல்லுங்க. எப்பிடி இரிக்கி?”

சஞ்சீவனி தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். முதல் கடையிலேயே இப்படியா?

கண்டி டவுனுக்குள் மூன்று சின்னக் கடைகள். ஒவ்வொன்றிலும் மெக்சிகோவின் ஒவ்வொரு மாநிலத்துச் சாப்பாடு. நடந்து நடந்து ருசி பார்க்க இரண்டு மணித்தியாலம். ஆட்களைக் கூட்டிப்போய் ருசியை விளக்கிச் சொல்வது அவள் வேலை. வழக்கமாக ஆறேழு பேர் வருவார்கள். இன்று வந்திருப்பது ஒருவர் மட்டும். கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டலின் தலைமைச் சமையல்காரர், கைரியா.

காலையிலேயே முதலாளி கஜேந்திரன் போனில் சொல்லிவிட்டார். “அந்தம்மாவுக்குப் புடிச்சா, அவங்க ஹோட்டல்ல இருந்து வருஷம் முழுக்க ஆள் வரும். ஒன் வேலையும் நிரந்தரம். புடிக்கலன்னா இந்த மாசத்தோட மெக்சிகோ டூர மூடிருவோம். நீயும் வேற எடம் பாத்துக்க வேண்டியதுதான்.”

அவருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் வந்த கொரோனாக் காய்ச்சலோடு சஞ்சீவனியின் மூக்கும் நாக்கும் போய்விட்டன. சூடு தெரியும். மிளகாயின் எரிவு தெரியும். பல்லில் கடிபடுவது தெரியும். அவ்வளவுதான்.

கூட்டம் வந்தால் சமாளித்துவிடலாம். யாராவது முதலில் வாயைத் திறப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு மேலே நாலு வார்த்தை சேர்ப்பாள். நல்ல வார்த்தைகளைக் கொப்பியில் எழுதிப் பரீட்சைக்குப் போலப் பாடமாக்கியும் வைத்திருந்தாள்.

ஒஹாகா மாநிலத்துச் சோள ரொட்டியை ஒரு கடி கடித்தாள்.

“சோளம் கருகின வாசம் முன்னுக்கு வருது மேடம். அதுக்குப் பின்னால கறுப்பு பீன்ஸ், மழை பேஞ்ச மண்ணு மாதிரி.” போன மாதம் வந்த மாத்தளை டீச்சர் சொன்னது.

கைரியாவும் கடித்தார். “ம். மொறுமொறுண்டு இரிக்கி.”

பையிலிருந்து ஒரு குட்டிக் கொப்பியை எடுத்து எழுதினார். மொறுமொறு என்று எழுத அரைப் பக்கமா?

“சரியா சொன்னேனா மேடம்?”

“நடங்க மகள், நடங்க.”

பல்லேகல மைதானத்தில் கிரிக்கெட் மெச். கொடியும் ஊதுகுழலுமாக இளவட்டங்கள் பஸ் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குள் புகுந்து இரண்டாவது கடைக்குப் போவதற்குள் சஞ்சீவனி மூன்று தரம் கைக்குட்டையைத் தேடிவிட்டாள்.

அங்கே பியூப்லா மாநிலத்து மோலே. மிளகாயும் சொக்லட்டும் அரைத்து ஊற்றிய கோழி.

“முதல்ல வாறது சொக்லட்டா, மிளகாயா?” கைரியா பேனையைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்டார்.

“சொக்லட். இனிப்பில்ல மேடம், கசப்பு. மிளகா தொண்டைக்குப் போனப்புறம்தான் எழும்பும். கடைசில வறுத்த எள்ளு.”

“உப்பு?”

இத்தனை பேர் வந்தார்கள், உப்பைப் பற்றி ஒருவரும் பேசியதில்லையே!

“அளவா இருக்கு மேடம்.”

கைரியா அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதையும் எழுதினார்.

மூன்றாவது கடையில், யுகதான் மாநிலத்து வாழையிலை மீன். இந்த முறை முந்திக்கொள்ள வேண்டும் என்று சஞ்சீவனி முடிவுகட்டினாள்.

“நீங்க மெக்சிகோவுலயே ரெண்டு வருஷம் வேலை செஞ்சிருக்கீங்களாம். அங்க சாப்பிட்ட மாதிரியே இருக்கா மேடம்?”

கைரியா மென்றார். விழுங்கினார். இன்னொரு துண்டை எடுத்து மென்றார்.

“நல்ல சூடு,” என்றார். “நீங்க சொல்லுங்களே.”

மனுஷி பிடிகொடுக்கவே மாட்டார் போல. நாரத்தம்பழப் புளிப்பு, புகை என்று பாடமாக்கியதை எல்லாம் ஒப்பித்து முடித்தாள். ஒன்றுவிடாமல் கொப்பிக்குள் போயிற்று. பத்துக்கு எத்தனை புள்ளி போட்டிருப்பாரோ?

நடை முடிவது மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில், முனாஸ் நானாவின் தேத்தண்ணிக் கடையில். மெக்சிகோவைச் சுற்றி வந்தவர்களுக்குக் கடைசியில் நம் ஊர் முறையில், பால் விடாத ஒரு பிளேன்டீ. சீனியைக் கோப்பைக்குள் போடுவதில்லை. உள்ளங்கையில் வைத்து, ஒரு நக்கு, ஒரு மிடறு.

முனாஸ் நானா போனில் மெச் பார்த்தபடியே இரண்டு பேரின் கையிலும் போத்தலிலிருந்து ஒவ்வொரு கரண்டி அள்ளி வைத்தார். “குடிங்க ராத்தா… அடச்சே, அவுட்டு!” என்று திரும்பி ஓடினார்.

கைரியா நக்கினார், குடித்தார். சஞ்சீவனியும் நக்கினாள், குடித்தாள். நல்லவேளை, இதற்குப் பாடமாக்கத் தேவையில்லை. சீனி இனிக்கும், தேயிலைச் சாயம் துவர்க்கும். அது யாருக்குத்தான் தெரியாது?

“எப்பிடி மகள்?”

“மூணு மாநிலத்துச் சாப்பாட்டுக்கப்புறம் இந்த இனிப்புதான் மேடம் மனசுல நிக்குது.”

“ஓ, உண்மைதான். நல்ல இனிப்பு.” முதல் தடவையாக கைரியா சிரித்தார். “உங்கட முதலாளிக்கு இண்டைக்கே போன் பண்றன். நம்மட ஆக்கள அனுப்பலாம்.”

சஞ்சீவனிக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் உள்ளிருந்து முனாஸ் நானாவின் அலறல்.

“யா அல்லாஹ்! ராத்தா, தங்கச்சி, வாயில வச்சிராதீங்க! போத்தல் மாறிப் போச்சு, அது உப்பு!”

சஞ்சீவனி தன் உள்ளங்கையைப் பார்த்தாள். ஒரு துகள் மிச்சமில்லை. எல்லாம் முடிந்தது. தலை நிமிரத் தைரியமில்லாமல், மேசையில் விரிந்து கிடந்த கொப்பியைப் பார்த்தாள். அதில் புள்ளிகள் ஏதும் இல்லை. கருகின சோளம், மழை பேஞ்ச மண், கடைசியில் எள்ளு, உப்பு அளவு என்று அவள் சொன்ன வார்த்தைகள் மட்டுமே வரிசையாக இருந்தன.

கொப்பிக்குப் பக்கத்தில் கைரியாவின் உள்ளங்கை, அதுவும் துடைத்த மாதிரிச் சுத்தமாக.

“உங்களுக்கு எத்தின வருஷமாச்சு, மகள்?” என்று மெதுவாகக் கேட்டார் கைரியா.