ட்ரம்பெட்டின் சூடு

பல்கலைக்கழகப் பித்தளை வாத்திய விழாவின் மேடையில் ஏசி குளிரைக் கொட்டிக்கொண்டிருந்தது. துணைவேந்தர் ஒரு காகிதக் கட்டைப் பார்த்து வரவேற்புரை வாசித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், விருந்துக் கலைஞராக வந்திருந்த ஹெப்சிபா தன் ட்ரம்பெட்டுக்குள் ஒலி எழாமல் வெறும் மூச்சை ஊதிக்கொண்டே இருந்தாள். ட்ரம்பெட்டில் ஒலிப்பது பித்தளை அல்ல, உள்ளே இருக்கும் காற்று. அது குளிர்ந்தால் சுரம் இறங்கிவிடும். துணைக்கு வாசிக்கும் பியானோவோ இறங்காது. அவளுடைய முதல் சுரமே உச்சத்தில், பியானோவோடு சேர்ந்து ஒரே நேரத்தில் தொட வேண்டியது. மயிரிழை இறங்கினாலும் கடைசி வரிசைவரை தெரிந்துவிடும். வாயை எடுத்த மறுகணமே விரல் நுனியில் உலோகம் ஆறுவது தெரிந்தது. மறுபடி ஊதினாள்.

“அக்கா, வி.சி. இன்னும் பாதிக் கட்டு பேப்பர் படிக்காம வச்சிருக்காரு” என்றாள், பக்கத்தில் பெரிய ட்யூபாக் குழலை மடியில் வைத்திருந்த மாணவி ஜெசிந்தா.

“உனக்கென்னடி, அண்டா வச்சிருக்க. ஆறுறதுக்கு நேரமாகும். இது டம்ளர்.”

ஜெசிந்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு அண்டாவுக்குள் ஊத ஆரம்பித்தாள். அதைப் பார்த்து டிராம்போன்காரர்கள் ஊதினார்கள். பிறகு வரிசை வரிசையாக எல்லோரும். அத்தனை குழல்களின் வெறும் மூச்சும் சேர்ந்து மேடையெங்கும் இரைந்தது.

துணைவேந்தர் வாசிப்பதை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார். “ஏசி ரொம்ப இரையுது. யாராவது அணைங்கப்பா.”

ஏசி நின்றது. இரைச்சல் நிற்கவில்லை. இப்போது அது எங்கிருந்து வருகிறது என்பதும் தெளிவாகக் கேட்டது.

காகிதக் கட்டைப் பிடித்தபடி அவர் மெல்லத் திரும்பினார். ஹெப்சிபா ட்ரம்பெட்டை உதட்டிலிருந்து எடுக்கவில்லை. உரை முடிந்துவிட்டதென்று எண்ணி, பியானோக்காரர் விரல்களைக் கட்டைகளின் மேல் வைத்தார்.