காளையின் சம்மதம்

பலிபீடத்தின் முன் காளை நிற்கிறது. தலையசைத்துச் சம்மதிக்காத மாட்டை வெட்டக் கூடாது. மாட்டின் விருப்பத்தை மீறும் ஊரல்ல ஏதென்ஸ். இடுப்பில் பார்லிக் கூடையோடு நிற்கும் மெலித்தா அதைத்தான் நம்பியிருக்கிறாள். கன்றாக இருந்தபோதிலிருந்து அதற்குத் தீனி வைத்தவள் அவள். பூசாரி அதன் நெற்றியில் தண்ணீர் தெளிக்கிறார். காளை சுகமாகக் கண்மூடுகிறது. மறுபடி தெளிக்கிறார். அசைவில்லை. "யோசிக்கட்டும் சாமி, அவசரப்படுத்தாதீங்க!" என்று எவனோ கத்த, கூட்டம் சிரிக்கிறது. மெலித்தாவுக்கு மூச்சு வருகிறது. அப்போதுதான் காளை அவளை அடையாளம் கண்டு, பார்லி தின்னத் தலையைத் தாழ்த்துகிறது. "சரின்னுடுச்சு!" பூசாரியின் கை கூடைக்குள் பாய்ந்து, தானியத்துக்கு அடியில் கிடந்த கத்தியை உருவுகிறது. பெண்கள் குலவையிடுகிறார்கள். "நீயும் போடுடி," என்று அம்மா இடிக்கிறாள். மெலித்தா வாயைத் திறக்கிறாள். சத்தம் வரவில்லை. காளை இன்னும் மென்றுகொண்டிருக்கிறது.