கியருக்குக் காவல்

"ஒண்ணு சரியாக்கு, இல்லேங்கி வித்துத் தொலை மோனே. ரெண்டும் இல்லாம, ஒருத்திய கியருக்குக் காவலு வச்சிட்டா ஊருல வண்டி ஓட்டுவாவ?"

பின் இருக்கையிலிருந்து ஹலீமா பீவி கேட்டாள். தேங்காய்ப்பட்டணத்தில் கிளம்பியதிலிருந்து இதே பேச்சுதான்.

ஜக்கரியா சாலையைப் பார்த்தபடி, பாப்போம் உம்மா என்றான். அதையும் அவன் கிளம்பியதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான்.

காவல் இருந்தவள் அவன் மனைவி நிஸ்ரின். அவளுடைய வலது கை கியர்த் தண்டைப் பின்பக்கமாக இழுத்துப் பிடித்திருந்தது.

பழைய கார். நாலாவது கியர் நிற்காது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், தண்டு டக்கென்று நியூட்ரலுக்குச் சாடிவிடும். மறுபடி மிதித்தால் எஞ்சின் வெறுமனே அலறும். நாலாவது விழுந்ததும் பக்கத்தில் இருப்பவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

வழக்கமாகப் பக்கத்தில் இருப்பவர் என்றால் அது உம்மாதான். கார் வந்த நாளிலிருந்து முன் இருக்கை அவளுடையது. மருமகள் பின்னால், பைகளோடு. யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. யாரும் மாற்றிக் கேட்டதும் இல்லை.

அவன் தம்மாமிலிருந்து வந்த இந்த விடுமுறையில் கியர் கெட்டது. முதல் நாள் குளச்சல் வரைக்கும் உம்மாதான் பிடித்தாள். மறுநாள் கையைத் தூக்க முடியவில்லை. முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனாள்.

நிஸ்ரின் முன்னால் வந்தாள்.

கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாகச் சாலை முழுதாகத் தெரிந்தது. அதுவரை அவள் பார்த்ததெல்லாம் இரண்டு தலைகளுக்கு நடுவே கிடைத்த சாலை.

வீட்டில் பகலில் அவன் அவளுக்குக் கிடைப்பதே இல்லை. விசா கேட்டு வருகிறவர்கள், பார்சல் கொடுத்தனுப்ப வருகிறவர்கள், சும்மா வருகிறவர்கள். காரில் மட்டும் அவன் கை அவள் கைமேல் வரும். ஒரு தட்டு என்றால் பிடி. இரண்டு என்றால் விடு. சில நேரம் மூன்று தட்டுவான். மூன்றுக்கு அவர்கள் அர்த்தம் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை அவனுக்குத் தம்மாம் விமானம். இன்று அருமனையில் இருக்கும் அவன் தங்கை முப்ஷிராவின் வீட்டுக்குப் பயணம் சொல்லி விடைபெறப் போகிறார்கள். முப்ஷிராவின் பக்கத்து வீட்டுக்காரர் காரைக் கேட்டிருந்தார். கியர் எப்படி இருந்தாலும் எடுத்துக்கொள்கிறாராம். அருமனையில் போய் இறங்கியதும் பதில் சொல்ல வேண்டும்.

சரியாக்கினால் அவள் பின்னால் போக வேண்டும். விற்றால் கார் இன்றே அருமனையில் நின்றுவிடும்.

நிஸ்ரினுக்கு இரண்டும் வேண்டாம். வெள்ளிக்கிழமை வரைக்கும் வண்டி இப்படியே கெட்டுக் கிடந்தால் போதும். இதை வாய்விட்டு யாரிடம் சொல்ல?

மார்த்தாண்டம் கழிந்தது. ஒவ்வொரு வளைவிலும் அருமனை நெருங்கிக்கொண்டே வந்தது. அவள் கால் விரல்களை மடக்கினாள், நிமிர்த்தினாள். ரப்பர் மரங்கள் இரண்டு பக்கமும் வேகமாக ஓடின. கொஞ்சம் மெதுவாகப் போகலாம் என்று தோன்றியது.

பின்னால் உம்மா விடவில்லை. போன வாரம் ஸ்ரீஜித்தின் ஒர்க்‌ஷாப்பில் வண்டி இரண்டு நாள் கிடந்ததே, அவன் என்னதான் செய்தான், கியருக்குப் பேன் பார்த்தானா என்று கேட்டாள். கழற்றிப் பார்த்தான், பார்ட்ஸ் கிடைக்கவில்லை என்றான் ஜக்கரியா.

நீண்ட இறக்கம் வந்தது.

நிஸ்ரினின் கால்களுக்கு நடுவே முப்ஷிராவுக்கான மீன்கறிச் சட்டி இருந்தது. துணி கட்டிய சட்டி. சாலையில் ஒரு பள்ளம். சட்டி சாய்ந்தது. சட்டியைப் பிடிட்டி என்று உம்மா சொல்வதற்குள் நிஸ்ரின் குனிந்து இரண்டு கையாலும் பிடித்துவிட்டாள்.

பிடித்த பிறகுதான் தெரிந்தது, கியரில் கை இல்லை.

ஜக்கரியாவின் கால் ஆக்சிலேட்டரிலும் இல்லை. வண்டி தானாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் தோளைக் குறுக்கிக்கொண்டு அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

வரவில்லை.

தண்டு நாலாவதிலேயே நின்றது. லேசாக அதிர்ந்தது, அவ்வளவுதான். ஒரு வளைவு வந்து போனது. இன்னொன்றும் வந்து போனது.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் வண்டி ஓட்டப் படிப்பவனைப்போல ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சாலையை மட்டும் பார்த்தான். காது சிவந்திருந்தது.

ஒர்க்‌ஷாப்பிலிருந்து வண்டி வந்து ஒரு வாரம் ஆகிறது. ஒரு வாரமாக அவள் எதையும் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கவில்லை.

சட்டியை நேராக வைத்தாள். கையைத் துப்பட்டாவில் துடைத்தாள். மறுபடியும் கியரின் மேல் வைத்தாள். இழுக்கவில்லை. சும்மா வைத்தாள்.

கொஞ்சம் கழித்து அவன் கை வந்து அதன் மேல் இருந்தது. தட்டவில்லை.

பின்னால் பேச்சு நின்றுபோயிருந்தது பிறகுதான் நிஸ்ரினுக்கு உறைத்தது. திரும்பினாள்.

ஹலீமா பீவி இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே தலையை நீட்டி, கியரின் மேல் இருந்த அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறாள் என்று தெரியவில்லை.

ஜக்கரியா கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டான். கியர் அசையவில்லை. நிஸ்ரின் அடுத்து வரப்போகும் குத்தலுக்குத் தயாரானாள்.

உம்மா விற்பதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. தொண்டையைச் செருமினாள். மகனிடம் கேட்கவில்லை, மருமகளிடம்தான் கேட்டாள். அந்த வீட்டில் நிஸ்ரின் இதுவரை கேட்டிராத தணிந்த குரல்.

"மோளே, திரும்பி வரும்போ கொஞ்ச தூரம் நான் முன்னால இருந்துக்கிடட்டா?"