வாரேன் என்றால் என்ன பொருள்?

வீட்டு மென்பொருளுக்குச் சொல்விளக்கம் எழுதுவது செண்பகவல்லியின் வேலை. அவள் எழுதும் பொருளைப் பார்த்துத்தான் ஊரிலுள்ள வீடுகளெல்லாம் நடந்துகொண்டன. விருந்தாளிகள் "வாரேன்" என்று விடைபெற்றதுமே வீடுகள் மறுபடி காப்பி போட ஆரம்பித்துவிடுவதாகத் திருநெல்வேலி முழுக்க ஒரே புகார். அவளும் "வாரேன் என்றால் கிளம்புகிறேன் என்று பொருள்" எனத் திருத்திவிட்டு நிம்மதியானாள்.

அன்று சாயங்காலமே அவளுடைய நாத்தனார் ஆவுடையம்மாள் பெட்டியும் பலகாரமுமாக வந்து இறங்கினாள்.

"ஏட்டி செண்பகம், நான் வாரேன்!"

"நல்லது, போயிட்டு வாங்க" என்று சொல்லி வீடு கதவைச் சாத்திக்கொண்டது.

செண்பகவல்லி அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "மதினி, சொன்னது நான் இல்ல, வீடு!" என்று கதவுக்குப் பின்னாலிருந்து கெஞ்சினாள்.

"வாசல்லயே வழியனுப்புதியா? இனிமே நான் வரவே மாட்டேன்!"

வரமாட்டேன் என்றால் கிளம்பமாட்டேன் என்று வீடு புரிந்துகொண்டது. கதவை அகலத் திறந்தது. மெத்தையைத் தட்டிப்போட்டது. ஒரு மாதத்துக்குக் கூடுதல் அரிசிக்கும் வந்தவள் காதுபடவே சொல்லி அனுப்பியது.

ஆவுடையம்மாள் வீடு நீட்டிய காப்பியை ஒரு வாய் குடித்தாள். முகம் மலர்ந்தது.

"ஒனக்குத் தெரியாத மரியாதை ஒன் வீட்டுக்குத் தெரியுது. அது ஆசைப்பட்டபடி ஒரு மாசம் இருந்துட்டே போறேன்."