பட்டை காட்டிய பச்சை

மூத்திரப்பையிலிருந்து கல்லை எடுத்து மூன்று நாள் ஆகியிருந்தது. காலையிலிருந்து கோமளவல்லியின் நாய் சிப்பாய் எட்டுத் தடவை காலைத் தூக்கிவிட்டான். ஒரு சொட்டும் வரவில்லை. மருத்துவமனையில் அவன் வயிற்றில் கட்டிவிட்ட கண்காணிப்புப் பட்டையோ ஒவ்வொரு தடவையும் சிறுநீர் போனதாகக் கணக்கு வைத்துக்கொண்டு பச்சை விளக்கைக் காட்டியது. சிவப்பு எரிந்தால்தான் நாய் மருத்துவமனையின் கதவு திறக்கும்.

கோமளவல்லி அவனைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் கதவுக்குக் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். "குணமாகி வருகிறது. வீட்டுக்குச் செல்லவும்" என்று கதவு சொல்லிக்கொண்டே இருந்தது. அவள் அசையவில்லை. மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பிய டாக்டர் இளம்பரிதி அவளைத் தாண்டிப் போக முடியாமல் நின்றார்.

"பட்டை பச்சையாத்தானே இருக்கும்மா?"

"பட்டையை விடுங்க டாக்டர். வயித்துல கை வெச்சுப் பாருங்க."

அவர் தயங்கினார். வேலைக்கு வந்த நான்கு வருடத்தில் ஒரு நாயின் வயிற்றையும் அவர் கையால் அழுத்திப் பார்த்ததில்லை, பட்டை இருந்ததால் தேவைப்பட்டதே இல்லை. கோமளவல்லி அவர் கையைப் பிடித்து இழுத்து வைத்தாள். உள்ளே பந்துபோல் இறுகிக் கிடந்தது. சிப்பாய் முனகினான்.

"அடைச்சிருக்கு" என்றார் டாக்டர், குரல் இறங்கி. "ஒரு கல்லை விட்டுட்டோம்."

குழாய் போட்டதும் செந்நிறமாகச் சிறுநீர் இறங்கியது. சிப்பாய் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினான். டாக்டர் சாப்பிடப் போகவில்லை. அறுவை முடிந்து படுத்திருந்த மற்ற ஐந்து நாய்களின் கூண்டுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, வயிற்றில் கை வைத்துப் பார்க்கத் தொடங்கினார்.